நாலாம் இடத்தில் வந்த ஓட்டம்

டிப்போவின் ஓய்வறையில் மதியம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் தேநீர் டம்ளர்கள் கார்களாகிவிடும். சர்க்கரை டப்பா, டயர் மாற்றும் கொட்டகை. மேஜை விரிப்பின் மடிப்பு நேர்ச்சாலை. பிஸ்கட் தட்டைச் சுற்றி வந்தால் ஒரு சுற்று. பல வருஷம் உலக சாம்பியனாக இருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஒரு பந்தயக்காரரின் ஓட்டங்களை அங்கே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். அவர் எப்போதும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஓட்டியவர். அதனால் டிப்போவில் அவருக்குப் பெயரே ‘கையுறை’தான்.

கையுறை ஓட்டியதிலேயே சிறந்த ஓட்டம் எது என்பதுதான் வாதம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு டம்ளர். பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் தன் கரண்டியைத் தான் நம்புகிற டம்ளருக்கு முன்னால் வைக்க வேண்டும். எந்த டம்ளருக்குக் கரண்டி குறைவோ, அதற்காக வாதாடியவர் எல்லாருடைய டம்ளரையும் கழுவ வேண்டும். எங்கும் எழுதி ஒட்டாத சட்டம். எழுதி ஒட்டியிருந்த மற்ற சட்டங்களைவிட இதற்கு மரியாதை அதிகம்.

அந்த டிப்போவில் எல்லாரையும்விட அதிகமாக டம்ளர் கழுவியவர் ஏழாம் எண் பஸ்ஸின் டிரைவர். பயணிகள் அவருக்கு வைத்த பெயர் ‘நிதானம்’. அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊசியில் நூல் கோக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. யாரையும் முந்த மாட்டார். மஞ்சள் விளக்கைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, “எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறது பஸ் ஓட்ட இல்ல, பஸ்ஸை நடத்திக் கூட்டிட்டுப் போக” என்பார். அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். பூட்டிய கதவை இறங்கி வந்தபின் மறுபடி ஏறிப்போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எனக்கு அந்த ஊரில் மனம் பதறாமல் உட்கார முடிந்த ஒரே வாகனம் ஏழாம் எண்.

இப்படிப்பட்டவருக்குப் பந்தயக் கார் மேல் என்ன கிறுக்கு என்று யாருக்கும் தோன்றும். அவர் வாலிப வயதில் சாமான் கொண்டுபோகும் சிறிய வண்டி ஓட்டியவர். ஒரு தொலைக்காட்சிக் கடைக்குப் பெட்டிகளை இறக்கிவிட்டு ஆளுக்காகக் காத்திருந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வெளியே வரவில்லை. “சத்தம் கேட்டிருந்தா நானும் மத்தவங்க மாதிரி வேகத்தைத்தான் பாத்திருப்பேன். சத்தமில்லாததால கையைப் பாத்தேன்” என்பார். மற்ற டிரைவர்களின் கைகள் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அந்த வெள்ளைக் கைகள் மட்டும் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல அசையாமல் இருந்தனவாம். கடைக்காரர் வந்து தோளைத் தட்டும்வரை அங்கேயே நின்றிருக்கிறார்.

டிப்போவில் அவருக்கு நிரந்தர எதிரி அவர் மனைவியின் தம்பி. அங்கேயே மெக்கானிக். மைத்துனனின் கட்சி பனிமூட்ட ஓட்டம். பாதி உலகத்தின் கட்சியும் அதுதான்.

“மூட்டத்துல முன்னாடி போன வண்டியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு மோதிக் கிடக்கு, அத்தான். நடுவுல ஒரே ஒரு வண்டி நுழையற அளவுக்குத்தான் சந்து. மனுஷன் முழு வேகத்துல அதுல பூந்து வெளிய வந்து ஜெயிச்சாரு. வேற எவன் செய்வான்?”

“அவருக்கே தெரியாதுடா. நான் எதையும் பாக்கல, வெளிய வந்தப்புறம்தான் சொன்னாங்கன்னு அவரே பேட்டில சொன்னாரு.”

“பாக்காமலே போனாரே, அதான் பெருமை.”

“பஸ்ல தூங்கிட்டு வர்றவன் சரியா அவன் ஸ்டாப்புல முழிச்சுக்கிட்டா, அவனை நீ டிரைவர்னு சொல்லுவியா?”

நிதானத்தின் கட்சி வேறு. அடுத்த வருஷம் அதே மைதானம், அதே வளைவு, அதே மூட்டம். இந்த முறை அங்கே என்ன நடக்கும் என்று கையுறைக்குத் தெரியும். தெரிந்தும் வண்டியில் ஏறினார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவுக்கு முன்னால் காலைக் கொஞ்சம் தளர்த்தி, வெளியே வந்தபின் அழுத்தி, கடைசியில் நாலாம் இடத்தில் வந்தார். அதுதான் அவர் ஓட்டியதிலேயே பெரிய ஓட்டம் என்பது நிதானத்தின் தீர்ப்பு. தெரிந்து ஓட்டியது மட்டும்தான் கணக்கு. தெரியாமல் நடந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்குக் கரண்டி வைக்கக் கூடாது.

“அப்போ தோத்தவனுக்குத்தான் கோப்பை குடுக்கணும் போல.”

“கோப்பையை யாருக்கு வேணாலும் குடு. எது நல்ல ஓட்டம்னுதானே கேட்டே?”

கரண்டிகள் எல்லாம் பனிமூட்டத்துக்குப் போகும். நிதானம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போவார். பெரும்பாலான மதியங்கள் இப்படித்தான்.

பிறகு தபால் ஆபீஸ் வளைவில் அந்த விபத்து நடந்தது.

ஏழாம் எண் பஸ் சந்தைக்குப் போகும் வழியில் சாலை தபால் ஆபீஸை ஒட்டி இடப்பக்கம் வளையும். அங்கே ஓரமாக எப்போதும் பார்சல் வேன்கள் வரிசையாக நிற்கும். இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து சைக்கிளில் ஒருவர் வெளியே வந்தார். பஸ் அப்போதும் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகப் போனதால்தான் அவர் காலோடு தப்பினார். கால் முறிந்து, பிறகு கூடிவிட்டது. நிதானம் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது, “நான்தாங்க பாக்காம வந்தேன், நீங்க ஏன் அழுவுறீங்க” என்று அந்த மனிதரே ஆறுதல் சொன்னார். விசாரணையிலும் டிரைவர் மேல் பிழை இல்லை என்றார்கள்.

நிதானத்துக்கு அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை. பெரிய சத்தம் இல்லை. யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு ‘தட்’. அதற்கப்புறம் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் அவர் கையிலிருப்பது கீழே விழும். அவர் மனைவி ஆளைக் கூப்பிட்டு வாசலில் மணி பொருத்தினார். மாடியில் இருந்த என்னிடமும், பால் போடுகிறவரிடமும், பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்தார்: “தயவுசெஞ்சு தட்டாதீங்க. பெல் அடிங்க.”

விபத்துக்குப் பிறகு டிரைவர் மறுபடி பயணிகளை ஏற்ற வேண்டுமென்றால் டிப்போவின் பயிற்சி அதிகாரியை வைத்துக்கொண்டு தன் வழித்தடத்தில் ஒருமுறை காலி பஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும். பயிற்சி அதிகாரி ஒரு பெண்மணி. தானும் பஸ் ஓட்டி மேலே வந்தவர். எல்லாரும் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார்கள். முதல் முறை போனபோது நிதானம் தபால் ஆபீஸ் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார். கால் பிரேக்கை விட்டு வரவில்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. கடைசியில் டீச்சர் அவரை எழுப்பிப் பின் இருக்கையில் உட்காரவைத்து, தானே பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“இன்னொரு தடவை பாக்கலாம்” என்றார் டீச்சர். “அப்பவும் முடியலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஸ்டோர் ரூம்ல இடம் இருக்கு. கௌரவமான வேலைதான்.”

அதுவரைக்கும் என்று அவரை ஸ்டோர் ரூமிலேயே போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. பல்புகளும் வைப்பர்களும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி. அவர் அங்கே நன்றாகத்தான் வேலை பார்த்தார். ஆனால் மதிய வாதத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். மைத்துனன் போய்க் கூப்பிட்டால், “எனக்கு என்னடா தெரியும், நான் வண்டி ஓட்டறவனா” என்பாராம். யாரும் நாலாம் இட ஓட்டத்துக்காகப் பேசாததால் வாதமே படுத்துவிட்டது. எதிர்த்துப் பேச ஆளில்லாத பனிமூட்ட ஓட்டம் மைத்துனனுக்கே சலித்துப்போயிற்று.

இரண்டாம் சோதனைக்கு முந்தின சாயங்காலம் அக்காவும் தம்பியும் வீட்டு வாசலில் நின்று பேசினார்கள். நான் படியேறிக்கொண்டிருந்தேன், என்னையும் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் பேசினார்கள், ரகசியம் ஒன்றும் இல்லை.

“நாளைக்கு நீயும் பஸ்ல போறேல்ல?” என்றார் அக்கா.

“மெக்கானிக் ஒருத்தர் கூட இருக்கணும்னு விதி. நான்தான் போறேன்.”

“போய் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி உக்காந்திருக்காதே. போன தடவை டீச்சரும் பேசல, கூட வந்தவனும் பேசல. துக்க வீட்டுக்குப் போற மாதிரி போயிருக்காங்க. அந்த மனுஷன் வளைவைத் தவிர வேற எதை நினைப்பாரு?”

“நான் என்ன பேசறது?”

“அந்த நாலாம் இட ஓட்டத்தைத் திட்டு. அது போதும். உங்க அத்தான் தூக்கத்துல கூட எழுந்து உக்காந்து பதில் சொல்லுவாரு.”

“டீச்சர் இருப்பாங்களேக்கா.”

“டீச்சர் உன்னைக் கடிச்சுத் தின்ன மாட்டாங்க.”

மறுநாள் காலையில் காலி பஸ் கிளம்பியது. முகப்புப் பலகையில் ‘பயிற்சி’ என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். மைத்துனன் அவருக்கு அந்தப் பக்கம். டிப்போ வாசலைத் தாண்டி முதல் சிக்னல்வரை யாரும் பேசவில்லை. நிதானத்தின் பின்கழுத்து வியர்த்திருந்தது.

“டீச்சர், நீங்க கார் ரேஸ் பாப்பீங்களா?” என்றான் மைத்துனன்.

“என் வீட்டுக்காரர் பாப்பாரு. நான் பக்கத்துல தூங்குவேன்.”

“கையுறைன்னு ஒருத்தர் இருந்தாரு. பெரிய ஆளுதான். ஆனா ஒரு தடவை பயந்துபோய் ஓட்டி நாலாவதா வந்தாரு. பாவம், அதோட அவரு கதை முடிஞ்சுது.”

பஸ் கொஞ்ச தூரம் போயிற்று.

“யாரு பயந்தா?” என்றார் நிதானம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஊர்ல சொல்றாங்க அத்தான்.”

“எந்த ஊர்ல? பயந்தவன் அந்த வருஷம் வீட்ல உக்காந்திருப்பான்டா. டீச்சர், நீங்களே சொல்லுங்க...”

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது. அந்த மைதானம் எப்படி இருக்கும், மூட்டம் எந்தப் பக்கத்திலிருந்து இறங்கும், முந்தின வருஷம் என்ன ஆயிற்று என்று ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மைத்துனன் நடுநடுவே சீண்டலாக ஒரு வார்த்தையைச் செருகிக்கொண்டே வந்தான். டீச்சர் தூங்கவில்லை, ஒன்றிரண்டு கேள்விகூடக் கேட்டார். “மூட்டத்துல முன்னாடி இருக்கறது தெரியாதுன்னா எதைப் பாத்து ஓட்டுவாங்க?” என்று அவர் கேட்டதும் நிதானம் உற்சாகமாகிவிட்டார்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. பஸ் ஓட்டியே பழகிய ஆளுக்கு மட்டும் வரக்கூடிய தவறு. பேச்சு வேகத்தில், ஏழாம் எண்ணின் முதல் நிறுத்தம் வந்ததும் கண்ணாடியைப் பார்த்து, சைகை விளக்கைப் போட்டு, நடைமேடையை உரசாமல் ஒட்டி நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். அங்கே யாரும் இல்லை. கதவை மூடிக்கொண்டு கிளம்பினார். பேச்சு நிற்கவில்லை. டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நிறுத்தின அழகைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் இருந்தார்கள். கதவு திறந்ததும் பூந்தொட்டி ஒன்றை இடுப்பில் தாங்கியபடி வயதான ஒரு அம்மாவும், காதில் இயர்போன் மாட்டிய ஒரு பெண்ணும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

மைத்துனன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் உதட்டில் விரல் வைத்தார்.

“...அந்த வளைவுல அவரு கால் எங்க இருந்துச்சுன்னு நினைக்கறீங்க? பிரேக் மேல இல்ல டீச்சர். ஆக்ஸிலேட்டர் மேலயேதான். ஆனா அழுத்தல. சும்மா வச்சிருந்தாரு. தூங்கற குழந்தை மேல கை வச்சிருப்போமே, அந்த மாதிரி” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது தபால் ஆபீஸின் சிவப்புச் சுவர் இடப்பக்கம் வந்தது. வேன்கள் வரிசையாக நின்றன. பஸ் இடப்பக்கம் வளைந்து, வேன்களை விட்டு நன்றாக விலகி, வளைவை முடித்து நேரானது. மைத்துனன் மூச்சை வெளியே விட்டான்.

கொஞ்ச தூரம் தாண்டி பெரிய பெயிண்ட் கடை ஒன்று உண்டு. அதன் பலகையைக் கண்டதும் நிதானத்தின் பேச்சு பாதியில் நின்றது. பஸ்ஸை ஓரம் கட்டினார்.

“தபால் ஆபீஸ் எங்கடா?”

“பின்னாடி போயாச்சு அத்தான்” என்றான் மைத்துனன். அவன் முகமெல்லாம் சிரிப்பு. “தாண்டி வந்துட்டீங்க. வெண்ணெய்ல கத்தி போன மாதிரி.”

நிதானம் திரும்பிப் பார்த்தார். மைத்துனனையும் டீச்சரையும் தாண்டி, பூந்தொட்டியோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இவங்க யாரு?”

“கதவு திறந்துச்சு, ஏறினேன்” என்றார் அந்த அம்மா. “சந்தைக்குப் போகும்ல?”

“ரெண்டு பேரை ஏத்தியிருக்கீங்க” என்றார் டீச்சர். “பலகையில பயிற்சின்னு போட்டுக்கிட்டு ஏத்தினது தப்பு. அதை நான் பாத்துக்கறேன், நானும்தான் தடுக்கல. ஓட்டினதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் சோதனை முடிஞ்சுது. இவங்களைச் சந்தையில விட்டுட்டு டிப்போவுக்குப் போகலாம்.”

நிதானம் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“உங்கக்கா சொல்லிக் குடுத்தாளா?” என்றார் மைத்துனனிடம்.

அவன் காதைச் சொறிந்தான்.

“இது கணக்குல சேராது” என்றார் நிதானம். “டீச்சர், நான் இன்னொரு சுத்து வந்து அந்த வளைவுல போறேன்.”

“அத்தான், விளையாடாதீங்க. பாஸ்னு சொல்லிட்டாங்கல்ல?”

“நான் அங்க போகவே இல்லடா. என் வாய் இங்க இருந்துச்சு, நான் அந்த மைதானத்துல இருந்தேன். பஸ் அதுவா போச்சு.”

“அதுவா போனாலும் போனது போனதுதான். கண்ணை மூடிட்டுப் போனாலும் தாண்டிட்டா தாண்டினதுதான்.”

“அது உன் கட்சி. பனிமூட்டக் கட்சி.”

“ஐயோ, இப்ப எதுக்கு அந்தக் கட்சி? இத்தனை வருஷமா நான் உளறினேன்னே வச்சுக்கோங்க. இன்னிக்கு ஒரு நாள் என் பக்கம் வாங்களேன்.” அவன் குரல் கெஞ்சியது. அத்தானை மறுபடி ஜன்னலில்லாத அந்த அறையில் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

“நாளைக்கு நீ கூட வருவியா?” என்று கேட்டார் நிதானம். குரலில் கோபம் இல்லை. “தினம் தினம் என் பின்னாடி உக்காந்து கையுறையைத் திட்டிக்கிட்டே வருவியா? நாளைக்கு அந்த இடத்துல எனக்கு ஞாபகம் வந்துச்சுன்னா? அப்ப வண்டி நிறைய ஆள் இருப்பாங்களே.”

டீச்சர் எழுந்து டிரைவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒண்ணு சொல்லிடறேன். மறுபடி போய், போன தடவை மாதிரி ஆச்சுன்னா, நான் அதைத்தான் கணக்குல எடுத்துக்கணும். இப்ப தாண்டினதை இல்ல. யோசிச்சுக்கோங்க.”

“தெரியும் டீச்சர்.”

“சரி. இந்தத் தடவை யாரும் பேசக் கூடாது” என்று மைத்துனனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான்.

பஸ் பெயிண்ட் கடைக்கு அடுத்த தெருவில் திரும்பி, தபால் ஆபீஸின் பின்பக்கமாகச் சுற்றியது.

“சந்தை அந்தப் பக்கம்பா” என்றார் பூந்தொட்டி அம்மா. “வழி மறந்துட்டியா?”

“மறந்துட்டுதாம்மா வந்தேன். அதான் திரும்பப் போறேன்” என்றார் நிதானம்.

அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, தொட்டியைக் கீழே இறக்கிக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார். இயர்போன் பெண் போனிலிருந்து தலையே எடுக்கவில்லை.

பஸ் மறுபடி பழைய சாலைக்கு வந்தது. தூரத்தில் சிவப்புச் சுவர் தெரிந்தது. நிதானம் வேகத்தைக் குறைத்தார். சக்கரத்தைப் பிடித்திருந்த விரல்களின் கணுக்கள் வெளுத்திருந்ததை மைத்துனன் பார்த்தான். அவர் எங்கே பார்க்கிறார் என்பதும் கண்ணாடியில் தெரிந்தது: முதல் வேனின் அடிப்பக்கம், அதற்கும் அடுத்ததற்கும் நடுவில், அதற்கடுத்த இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியையும் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸை அதன் பக்கம் விட்டார். வளைவு நெருங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பூந்தொட்டி சாய்ந்து, இருக்கையின் இரும்புக் காலில் இடித்தது.

தட்.

பஸ் நின்றது. முதல் சோதனையில் நின்ற அதே இடம், ஒரு முழம் முன்னே பின்னே. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. நிதானத்தின் முதுகு ஏறி இறங்குவதைத் தவிர எதுவும் அசையவில்லை. மைத்துனன் கண்களை இறுக்க மூடிக்கொண்டான். டீச்சர் எழுந்திருக்கக் கம்பியைப் பிடித்தார், பிடித்தவர் எழுந்திருக்கவில்லை.

“தொட்டிப்பா” என்றார் அந்த அம்மா. “என் தொட்டிதான். மண்ணு கொட்டிடுச்சு, கோவிச்சுக்காதே.”

நிதானம் உள்கண்ணாடியில் தொட்டியைப் பார்த்தார். நடைபாதையில் கொஞ்சம் கறுப்பு மண், ஒரு கொத்து இலை. பிறகு இடப்பக்கக் கண்ணாடி. பிறகு வேன்களுக்கு நடுவே. ஒரு ஆள் பார்சலை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார், பஸ் போகட்டும் என்று. நிதானம் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அந்த ஆள் சாலையைக் கடந்து போனார். லாரி மறுபடி ஹார்ன் அடித்தது.

“தொட்டியைப் பிடிச்சுக்கோங்கம்மா” என்றார் நிதானம். “கிளம்பறேன்.”

பிரேக் ‘புஸ்’ என்று விட்டது. நடக்கிற ஆளின் வேகத்தில் பஸ் வளைவுக்குள் போனது. ஒவ்வொரு வேனும் ஜன்னலில் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகப் போயிற்று. பின்னால் இருந்த லாரிக்காரர் ஜன்னலைத் திறந்து ஏதோ நல்ல வார்த்தை சொன்னது கேட்டது. பெயிண்ட் கடை வந்தது. இந்த முறை யாரும் பேசவில்லை, சந்தைவரைக்கும் பேசவில்லை.

சந்தையில் இயர்போன் பெண் இறங்கினாள். பூந்தொட்டி அம்மா படியில் நின்று, “நல்லாதான் ஓட்டறே. கொஞ்சம் சுத்தறே, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிதானம் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டார். “நின்னுட்டேன் டீச்சர்” என்றார்.

“பாத்தேன்.”

“அதே இடத்துல.”

“பஸ்ஸுன்னா நிக்கத்தான் செய்யும்” என்றார் டீச்சர். “போன தடவை நின்னதோட சரி. இந்தத் தடவை நின்னு, பாத்து, ஆளை விட்டுட்டுக் கிளம்பினீங்க. அதுக்குத்தானே பஸ் டிரைவர்? கிளம்புங்க, எனக்கு டீ வேணும்.”

அன்று மதியம் ஓய்வறை நிரம்பி வழிந்தது. விஷயம் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. யாரோ சர்க்கரை டப்பாவை அதன் இடத்தில் வைத்தார்கள். யாரோ விரிப்பின் மடிப்பை நீவிவிட்டார்கள். நிதானம் தன் டம்ளரை எடுத்துப் பிஸ்கட் தட்டின் ஓரத்தில், நாலாவதாக வைத்தார். வாதம் நடந்தது. அவர் நன்றாகத்தான் பேசினார். கரண்டிகள் வழக்கம்போலப் பனிமூட்டத்துக்குப் போயின. மைத்துனனுடையதும்தான்.

“காலைல என்னடா சொன்னே? உளறினேன்னு ஒத்துக்கிட்டியே?”

“அது பாசம் அத்தான். இது ஓட்டம். ரெண்டையும் குழப்பக் கூடாது.”

அப்போது டீச்சர் உள்ளே வந்து, ஒரு கரண்டி கேட்டு வாங்கி, அதை நாலாவது டம்ளருக்கு முன்னால் வைத்தார். “ரேஸெல்லாம் எனக்குத் தெரியாது. சும்மா வைக்கறேன்” என்றார். ஒரு கரண்டியால் முடிவு மாறவில்லை. நிதானம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அன்று அவர் கழுவி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒவ்வொரு டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கழுவினார் என்று மைத்துனன் சொன்னான்.

சாயங்காலம் நான் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். மணியின் பொத்தான் பக்கம் போன கை நடுவில் நின்றது. பிறகு விரலை மடக்கி, கதவை இரண்டு முறை தட்டினார். தட்டிவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

“யாரது?” உள்ளேயிருந்து அவர் மனைவியின் அதட்டல். “எத்தனை தடவை சொல்றது, பெல் இருக்குல்ல?” கதவைத் திறந்தவர் புருஷனைக் கண்டதும் அப்படியே நின்றார்.

“இருக்கு” என்றார் நிதானம். “ரெண்டு தடவை போனேன்.”

“தம்பி போன் பண்ணினான். முதல் தடவையே ஆயிடுச்சாமே. அப்புறம் எதுக்காம் ரெண்டாவது?”

“முதல் தடவை சேராது.”

“ரெண்டாவதுல நின்னீங்களாமே?”

“நின்னேன். கிளம்பினேன்.”

அந்த அம்மாள் இத்தனை வருஷம் அந்த வாதங்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

“அது சேருமா?”

“அது சேரும்” என்று சொல்லிவிட்டு நிதானம் செருப்பைக் கழற்றினார்.